இரவு விளையாட்டுக்கு எந்த டார்ச்லைட்? முதலில் குறைந்த வெளிச்சத்தைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முகாம் நடத்தப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 24 பேர், பொறுப்பாளர்கள் 5 பேர். பள்ளித் திடலில் இரண்டு இரவு தங்குகிறோம். இரவு விளையாட்டும் உண்டு. திடலை ஒட்டியே செம்பனைத் தோட்டம். இணையத்தில் 10,000 லூமன் டார்ச்லைட் 35 வெள்ளிக்குக் கிடைக்கிறது. எல்லாருக்கும் அதையே வாங்கிவிடலாமா? முகாம் முடிந்த பிறகு மீன்பிடிக்கப் போகும்போதும், வீட்டில் கரண்டு போனாலும் உதவ வேண்டும்."

வேண்டாம் தம்பி. அந்த டார்ச்லைட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் முதல் பத்து நிமிடத்திலேயே விளையாட்டு கெட்டுவிடும். நான் மின்சாதனக் கடை வைத்திருப்பவன். முகாமுக்கு டார்ச்லைட் கேட்டு வரும் ஆசிரியர்களிடம் எப்போதும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: அது எவ்வளவு அதிகமாக எரியும் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு குறைவாக எரியும் என்று கேளுங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இத்தனை லூமன் என்று போட்டிருப்பது அதிகபட்ச வெளிச்சத்தின் அளவு. இரவு முழுக்க நீங்கள் பயன்படுத்தப்போவது அதற்குக் கீழே இருக்கும் சின்ன வெளிச்சங்களைத்தான்.

ஏன் என்றால் நம் கண். விளக்கை அணைத்ததும் கண்ணின் பாவை சட்டென்று விரிந்துவிடும். ஆனால் இருட்டில் பார்ப்பதற்கான உண்மையான வேலை விழித்திரையில் உள்ள கோல் செல்களில் நடக்கிறது. அவற்றில் ரோடாப்சின் என்று ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், திரும்ப ஊறி வர நேரம் எடுக்கும். கண் முழுவதுமாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு நிலவு இல்லாத இரவிலும் திடலின் ஓரம், மரத்தின் நிழல், ஓடுகிற ஆளின் உருவம் எல்லாம் தெரியும். அந்தக் கண்ணில் ஒரே ஒரு பிள்ளை பெரிய டார்ச்லைட்டை அடித்துவிட்டால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 24 பிள்ளைகள் கையில் 24 பெரிய டார்ச்லைட் இருந்தால் அன்றிரவு யாருக்கும் இருட்டுக் கண் என்பதே கிடைக்காது. இருட்டு இல்லை என்றால் இரவு விளையாட்டு எங்கிருந்து வரும்?

ரப்பர் காலத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அதனால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலை வழியாக நீர் ஆவியாகத் தொடங்கினால் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். ஆகவே பால் வெட்டு என்றாலே இருட்டில் செய்யும் வேலை. நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கில், தண்ணீர் சொட்டச் சொட்ட கார்பைட் கல்லிலிருந்து கிளம்பும் அசெட்டிலின் வாயு ஒரு சின்னச் சுடராக எரியும். இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லாத வெளிச்சம். ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில் பட்டையின் கோடு தெரிந்தது, கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரிந்தது, அடுத்த மரத்துக்கு நடக்க வழியும் தெரிந்தது. வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வெளிச்சம். உங்கள் பிள்ளைகளுக்கும் அதே அளவு போதும்.

இப்போது அந்த 10,000 லூமன் கதைக்கு வருவோம். இது பெருக்கல் வகுத்தல் கணக்குத்தான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். இந்த வகை டார்ச்லைட்டில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். நல்ல பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 3,000 மில்லியாம்ப் மணி, சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் சுமார் 11 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைக்கும் என்று வைத்தால், அந்தப் பேட்டரி மொத்தமாகக் கொடுக்கக்கூடியது ஏறக்குறைய 1,000 லூமன் ஒரு மணி நேரம், அல்லது 100 லூமன் பத்து மணி நேரம். 10,000 லூமன் வேண்டுமென்றால் 100 வாட் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினியக் குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது, பேட்டரியும் ஆறேழு நிமிடத்தில் காலியாகிவிடும். 35 வெள்ளி டார்ச்லைட் அதைக் கொடுப்பதே இல்லை. மூடியைத் திறந்து அளந்தால் சில நூறு லூமன்தான் இருக்கும், மீதி அச்சடித்த மை.

கூடவே வரும் பேட்டரியில் 9,900 என்று எழுதியிருந்தாலும் அதே கதைதான். இந்த அளவுப் பேட்டரியில் நல்ல சரக்கு பெரும்பாலும் 3,500 அல்லது 3,600 மில்லியாம்ப் மணிதான், அபூர்வமாக 4,000 வரை வரும். அதற்கு மேல் எழுதியிருந்தால் அந்தப் பேட்டரியைத் தொடவே வேண்டாம். உண்மையான 18650 ஒன்று 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். கையில் எடுத்தவுடன் பொசுக்கென்று இலேசாக இருந்தால் உள்ளே பாதி வெறும் இடம் என்று பொருள். கடையில் சின்னத் தராசு இருந்தால் கேட்டு நிறுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

உருப்படியான நிறுவனங்கள் பெட்டியில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஒரு குறி போடும். டார்ச்லைட்டை எப்படி அளப்பது என்று 2009ல் அமெரிக்காவில் வந்த தர விதி அது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று வேலை பிடிபட்டுவிடும். லூமன் என்பது டார்ச்லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அதன் நடுக்கற்றை எவ்வளவு கூர்மை என்பது. தூரம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது வெளிச்சம் 0.25 லக்ஸ் அளவுக்கு விழும் இடம்வரை உள்ள தூரம், அதாவது தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலவு தரும் வெளிச்சம். 200 மீட்டர் என்று போட்டிருந்தால் 200 மீட்டரில் நிலவொளி அளவுக்குத் தெரியும், முகம் தெரியாது. நடைமுறைக்கு அந்த எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும். அதனால்தான் தூரம் போகும் டார்ச்லைட்டுக்குத் தலை பெரிதாக இருக்கிறது, சட்டைப்பையில் அடங்குவதில்லை.

எரியும் நேரத்தில்தான் பெரிய சூட்சுமம். அந்த விதிப்படி, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை எண்ணிக்கொள்ளலாம். "1,000 லூமன், 4 மணி நேரம்" என்று படித்தால், நான்கு மணி நேரமும் 1,000 லூமன் எரியும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் 1,000, பிறகு சூட்டைக் குறைக்க அதுவாகவே 300, 400க்கு இறங்கி, அங்கிருந்து தேய்ந்துகொண்டே போகும். இது கோளாறு இல்லை, கை சுடாமல் இருக்க வேண்டும் அல்லவா. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கணக்கில் ஒரு டார்ச்லைட்டின் உண்மையான பலம் என்பது, அரை மணி நேரம் கழித்தும் அது விடாமல் கொடுக்கும் வெளிச்சம்.

உங்கள் இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். செம்பனை முக்கோண வரிசையில், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடப்படுவது. ஹெக்டருக்கு 140 மரம் போல வரும். இளஞ்செம்பனை என்றால் மட்டை தரையைத் தொடும், மூத்த மரமென்றால் தண்டே மறைக்கும். வண்டிப் பாதையில் நேராக அடித்தால் தவிர, 30, 40 மீட்டருக்கு மேல் எந்தக் கற்றையும் போகாது. முதல் மட்டையில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூச வைக்கும். கூர்மையான கற்றையைவிட அகலமாகப் பரவும் வெளிச்சம்தான் அங்கே உதவும். பள்ளித் திடலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை 100 மீட்டர் இருக்கலாம். ஆகவே பொறுப்பாளர்களில் ஒருவரிடம் மட்டும் தூரம் போகிற டார்ச்லைட் ஒன்று இருந்தால் போதும், ஆளைத் தேடுவதற்கு. மற்ற எல்லாருக்கும் பரவும் வெளிச்சம்.

செம்பனைக்குள் விளையாட்டை வைக்கவே வேண்டாம் என்பேன். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு இடையில் குவித்து வைத்திருப்பார்கள். அதன் காம்பில் உள்ள முள் சப்பாத்தையும் துளைக்கும். எலி அங்கேதான் குடியிருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நம் பக்கத்து நாகம் விஷத்தைக் கண்ணை நோக்கித் துப்பவும் கூடியது. திடலின் செம்பனை ஓரத்தை எல்லையாக வைத்து, அங்கே ஒரு பொறுப்பாளரை நிற்க வையுங்கள். பந்தோ கொடியோ உள்ளே போனால் பெரியவர்தான் எடுக்க வேண்டும், அதுவும் நீளக் காற்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு. பாம்பு கண்ணில் பட்டால் கிட்டப் போகாமல் பின்வாங்கி, பிள்ளைகளை ஒதுக்கி, அது போகும் திசையில் மட்டும் வெளிச்சம் காட்டுங்கள்.

டார்ச்லைட்டைப் பிடிக்கும் இடமும் முக்கியம். நெற்றி விளக்கு கை இரண்டையும் விட்டுவிடும், சமையலுக்கும் கூடாரம் கட்டவும் அருமை. ஆனால் நடக்கும்போது அதற்கு ஒரு குறை உண்டு. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதால் தரையில் விழும் நிழல் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேரும் குழியும் கல்லும் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். அதே வெளிச்சத்தை இடுப்புக்குக் கீழே பிடித்து முன்னால் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு வேருக்கும் ஒரு நீள நிழல் விழும், தண்ணீர் ஓடும் கானின் விளிம்பு கறுப்புக் கோடாகத் தனியே தெரியும். மழை விட்ட பிறகு மூட்டம் எழும் இரவில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். நெற்றியிலிருந்து அடித்தால் மூட்டத்தில் பட்டு வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும், கீழே பிடித்தால் வழி தெரியும். இதைவிடப் பெரிய காரணம், நெற்றி விளக்கு மாட்டிய பிள்ளை பேசுவதற்காகத் திரும்பினாலே எதிரில் நிற்பவர் கண்ணில் அடித்துவிடும். ஆகவே பிள்ளைகளுக்குக் கை டார்ச்லைட், "இடுப்புக்கு மேல் தூக்கக்கூடாது" என்ற ஒரே விதி.

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தும் தேவை மாறும். புதையல் தேடும் விளையாட்டில் பிள்ளை துண்டுத்தாளில் எழுதியதைப் படிக்க வேண்டும். முழங்கை தூரத்தில் படிக்க 5 லூமனே அதிகம். 100 லூமனை வெள்ளைத் தாளில் அடித்தால் தாள் மட்டும்தான் பளிச்சென்று தெரியும், தலையைத் தூக்கினால் சுற்றிலும் குருட்டு இருட்டு. கொடி பறிக்கும் விளையாட்டில் பிள்ளைகளுக்கு டார்ச்லைட்டே தேவையில்லை, எல்லையில் நான்கு மங்கலான விளக்கும் இருட்டுக்குப் பழகிய கண்ணும் போதும். அதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. இருட்டில் ஒளிந்திருப்பவரை வெளிச்சம் காட்டிப் பிடித்து, பெயர் சொல்லும் விளையாட்டில்தான் டார்ச்லைட் ஆயுதமாகிறது. அதற்கு 50 முதல் 100 லூமன், கொஞ்சம் குவிந்த கற்றை, தவிர ஒரு முக்கியமான விஷயம்: பொத்தானைப் பாதி அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைய வேண்டும்.

அந்தப் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் வாங்கும்போது பார்ப்பதில்லை. பின்பக்கப் பொத்தானில் இரண்டு வகை. ஒன்று, மெதுவாக அழுத்தும்போதே எரியும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டக்' என்று நிலைத்துவிடும். மற்றது, 'டக்' என்று முழுக்க அழுத்தி விட்ட பிறகுதான் எரியும். முதல் வகையில் ஒரு விநாடி பளிச்சிட்டு அணைக்கலாம், சத்தமே வராது. இரண்டாவதில் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம், ஒளிந்திருக்கும் பிள்ளைக்கு அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள், விரலுக்கே தெரியும். பின்பக்கப் பொத்தான் துருத்திக்கொண்டிருந்தால் டார்ச்லைட்டை நிமிர்த்தி வைக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். கூடாரத்துக்குள் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும். தண்ணீர் நிரப்பிய தெளிவான பாட்டிலை அதன் தலைமேல் வைத்தால் நல்ல லாந்தரே கிடைத்துவிடும்.

அடுத்தது, அழுத்த அழுத்த மாறும் நிலைகள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கிடைக்கும் டார்ச்லைட் பலவற்றில் வரிசை இப்படி இருக்கும்: பெரியது, நடுத்தரம், சிறியது, படபடவென்று மின்னுவது, எஸ்ஓஎஸ் என்ற ஆபத்துச் சைகை. சின்ன வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் பெரியது கண்ணில் அடிக்கும், அணைக்க வேண்டுமென்றால் மின்னுவதைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் கையில் அந்த மின்னல் நிலை இருக்கவே கூடாது. விநாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சம், ஒளிக்கு வலிப்பு வரக்கூடிய பிள்ளைக்கு வலிப்பைத் தூண்டிவிடும். பெற்றோருக்கே அதுவரை தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரே நிலை உள்ள எளிய டார்ச்லைட், அல்லது சிறியதில் தொடங்கிப் பெரியதற்குப் போகும் டார்ச்லைட், இரண்டில் ஒன்றை எடுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். பிள்ளைகளுக்கு ஏஏ பேட்டரி ஒன்று போடும் டார்ச்லைட்தான் சரி. கழற்றி மாட்டும் லித்தியம் பேட்டரியைப் பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்கக்கூடாது. பையில் சாவியோடு சேர்ந்து உரசி முனைகள் இணைந்தால் தீயே பிடிக்கும். ஏஏ அளவில் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி கிடைக்கிறது, 1.2 வோல்ட், சுமார் 2,000 மில்லியாம்ப் மணி. எனேலூப் மாதிரியான வகையாக இருந்தால் மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்தாலும் சார்ஜ் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஒரு பேட்டரியில் 50 லூமன் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரியும், ஓர் இரவு விளையாட்டுக்குத் தாராளம். சாதாரண ஆல்கலைன் பேட்டரி போட்டால் முகாம் முடிந்த அன்றே கழற்றி வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசியும், கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பித்தளை முனையைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும். என் கடைக்குப் பழுது என்று வரும் டார்ச்லைட்டில் முக்கால்வாசிக்கு இதுதான் நோய்.

மூன்று ஏஏஏ பேட்டரியைச் சின்னக் கூட்டில் அடைத்து உள்ளே தள்ளும் டார்ச்லைட்டை நான் விரும்புவதில்லை. அந்தப் பிளாஸ்டிக் கூட்டின் கம்பிச் சுருள்கள் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் தளர்ந்து, கீழே விழுந்தால் அணைந்து, தட்டினால் எரியும். விலை குறைவு என்பதைத் தவிர வேறு நன்மை இல்லை.

பொறுப்பாளர்களுக்கு 18650 தாராளமாக எடுக்கலாம். சார்ஜ் செய்யும் துளை டார்ச்லைட்டிலேயே இருந்தால் வசதி. சி வகை யுஎஸ்பி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சில மலிவான டார்ச்லைட்டுகள் இருமுனையும் சி வகையாக உள்ள புது வயரில் சார்ஜ் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு முனை பழைய பெரிய யுஎஸ்பியாக இருக்கும் வயரில் ஏறும். முகாமுக்கு அந்தப் பழைய வயரை மறக்காமல் எடுத்துப் போங்கள். லித்தியம் பேட்டரியை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்க வேண்டாம். பையில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். பெரும்பாலான டார்ச்லைட்டில் அப்படிச் செய்தால் மின்னோட்டம் அறுந்துவிடும், தானாக எரிந்து பையைச் சுடாது.

மழை நம் ஊரில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று போட்டிருப்பது தண்ணீரைத் தாங்கும் அளவு. ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். பிள்ளைகளுக்கு முதலாவது போதும், உங்களுக்கு மீன்பிடிக்க இரண்டாவது. முன்னும் பின்னும் இழுத்துக் கற்றையைச் சுருக்கி விரிக்கும் வகை கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அந்த நகரும் இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். கற்றையைச் சுருக்கும்போது வெளிச்சத்தில் ஒரு பகுதி உள்ளேயே வீணாகவும் போகிறது. பின்மூடியின் ரப்பர் வளையத்தில் வருடத்துக்கு ஒரு தரம் துளி சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். சமையல் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், சில வகை வளையம் ஊதிக்கொள்ளும்.

நிறத்தையும் விட்டுவிட வேண்டாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். மலிவான டார்ச்லைட் பெரும்பாலும் 6,500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. லூமன் எண்ணைக் கூட்டிக் காட்ட அதுதான் வசதி. 4,000 முதல் 5,000 கெல்வின் வரை உள்ள, நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவெண் 90க்கு மேல் உள்ள எல்இடியில் அதே தரையைப் பாருங்கள். செம்மண் செம்மண்ணாகத் தெரியும், காய்ந்த இலை பழுப்பாகத் தெரியும், அதன்மேல் கிடக்கும் கயிறும் பாம்பும் வேறு வேறாகத் தெரியும். பிள்ளைக்கு அடிபட்டு இரத்தம் வந்தாலும் எவ்வளவு என்று சரியாகப் பார்க்க முடியும். லூமன் கொஞ்சம் குறைந்தாலும் நான் இந்த வெளிச்சத்தைத்தான் எடுப்பேன்.

மாடல் பெயரும் கேட்பீர்கள். பொறுப்பாளர்களுக்கு வுர்க்கோஸ் எஃப்சி11 நல்ல தேர்வு. ஒரு 18650, உள்ளேயே சி வகைச் சார்ஜ், நிற அளவெண் 90, பின்புறம் காந்தம். கார் கதவிலோ இரும்புத் தூணிலோ ஒட்டவைத்துவிட்டுச் சமைக்கலாம். பொத்தானை அணைந்த நிலையில் அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கும், இரவுக்கு அதுதான் அழகு. சட்டைப்பைக்குச் சின்னதாக வேண்டுமென்றால் சோஃபிர்ன் எஸ்பி10 புரோ. சாதாரண ஏஏவும் போடலாம், அதே அளவுள்ள 14500 லித்தியமும் போடலாம். கரண்டு போன வீட்டில், கடையில் கிடைக்கும் எந்த ஏஏ பேட்டரியிலும் எரியும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதன் பொத்தான் வேலைகள் சிக்கலானவை, பழகிய பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு மாடல் பெயர் தேவையில்லை. ஹார்ட்வேர் கடையில் ஒரு ஏஏ போடும், ஒரே நிலை உள்ள அலுமினிய டார்ச்லைட்டைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது கடையிலேயே பார்க்கக்கூடியது: வெள்ளைச் சுவரில் அடித்து, நடுவில் கறுப்பு ஓட்டையோ வளையமோ இல்லாமல் சீராகப் பரவுகிறதா என்று பாருங்கள். குறைந்த நிலையில் வைத்துக் கைப்பேசி கேமராவில் பாருங்கள், திரையில் கோடு கோடாக ஓடினால் அது வேகமாக அணைந்து எரிந்து வெளிச்சத்தைக் குறைக்கும் சர்க்யூட். ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது கண் சோர்ந்துவிடும். பின்மூடியைக் கழற்றி மரை சரளமாகச் சுற்றுகிறதா, ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கை ஈரமாக இருக்கும்போது வழுக்காத உடம்பு, மணிக்கட்டுக் கயிறு கோர்க்க ஒரு துளை, உருண்டு ஓடாத வடிவம், இவ்வளவுதான்.

உங்கள் முகாமுக்கு நான் இப்படிப் பிரிப்பேன். இரண்டு பிள்ளைக்கு ஒரு டார்ச்லைட் என்று 12. ஆளுக்கொன்று கொடுத்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடிவிடுவார்கள், இருவருக்கு ஒன்று என்றால் ஜோடி பிரியாது. பெரும்பாலும் ஒன்று 20 வெள்ளிக்குள் முடிந்துவிடும். மாற்றுப் பேட்டரி நான்கு. பொறுப்பாளர்கள் நால்வருக்கு 18650 வகை, ஐந்தாமவருக்குத் தூரம் போகிற ஒன்று, அதை ஊரில் மீன்பிடிக்கிறவர் யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். பிள்ளைகளின் டார்ச்லைட் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். கோல் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாகப் படாது, இருட்டுக் கண் கலையாமல் இருக்கும். வெளிச்சம் காட்டிப் பிடிக்கும் விளையாட்டுக்கு மட்டும் தாளைக் கழற்றலாம். மிச்சம் பணம் இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டையை வாங்கி, ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் பையிலும் ஒட்டுங்கள். அந்தப் பட்டை, அடிக்கும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். தேடுகிறவர் டார்ச்லைட்டைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் திடலை ஒரு சுற்று சுற்றினால், குந்தியிருக்கும் பிள்ளைகூடப் பளிச்சென்று தெரிந்துவிடும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் டார்ச்லைட்டை இடுப்பிலிருந்து முகத்துக்குத் தூக்கலாம், பொறுப்பாளர் மட்டும்.

விளையாட்டு தொடங்குமுன் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பிள்ளைகளை 20 நிமிடம் திடலில் உட்கார வைத்துக் கதை சொல்லுங்கள். டார்ச்லைட்டுகளில் எண் எழுதி, கொடுக்கும்போது ஒரு முறை, திரும்ப வாங்கும்போது ஒரு முறை எண்ணுங்கள். 12 டார்ச்லைட்டும் 24 பிள்ளைகளும் வந்து சேர்ந்த பிறகு திடலின் பெரிய விளக்கைப் போடுங்கள்.